சுவரைத் தட்டிய அக்கா

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதை மக்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. அப்படித்தான் ஜீவனஹள்ளியில் மேரி அக்கா வீட்டுக்குப் போனேன்.

போனை நீட்டிவிட்டு, எழுதி வைத்திருந்த கேள்வியைப் படித்தேன். "வீட்ல ஒருத்தருக்கு மூச்சு முட்டுதுன்னு நெனச்சுக்கோங்கக்கா. உடனே என்ன பண்ணுவீங்க?"

அக்கா போனைத் தொடவில்லை. எழுந்து போய், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரைப் படபடவென்று தட்டினார்.

அடுத்த நிமிஷம் ஆட்டோ ஓட்டும் பாஷா அண்ணன் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். "யாருக்குக்கா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல பாஷா. இந்தப் பொண்ணு கேட்டுச்சு, செஞ்சு காட்டினேன்."

அவர் கோபப்படவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாமாவுக்கு மூச்சு முட்டி நீங்க தட்டினப்போ நான் சவாரில இருந்தேன். இன்னைக்காவது நேரத்துக்கு வந்துட்டேன்னு நெனச்சேன்க்கா."

அக்கா தட்டிய அதே சுவரில், மாலை போட்ட அவர் கணவரின் படம் இருந்தது. நான் அதுவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அக்காவின் விரல் திரையில் எங்கே போகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், போனை எடுப்பதற்கு முன் சுவரைப் பார்க்கிறேன்.