தராசக்காவின் கட்டைவிரல்

பன்றிப் பண்ணையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசக்கா என்றால்தான் தெரியும். ஒரே தாய் ஈன்ற குட்டிகள்தான், தின்பதும் ஒரே தொட்டியில்தான். ஆனாலும் ஒன்று உருண்டு திரண்டு நிற்கும். ஒன்று நீளமாக வளர்ந்தும் சதை பிடிக்காது. ஒன்று நேற்றுப் பிறந்தது போலவே கிடக்கும். கண்ணை நம்பினால் ஏமாற வேண்டியதுதான். அவள் பன்றியின் முதுகெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்துவாள். உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று விரல் சொல்லிவிடும். தேறியது விற்பனைக்கு, தேறாதது பின்கொட்டிலுக்கு.

புருஷன் படுத்த படுக்கையானபோது லீவு போட்டாள். புண் வராமல் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஈரம் ஒற்றியெடுப்பது எல்லாம் அவள்தான். அடக்கம் முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. வரவில்லையே என்றும் தோன்றவில்லை.

அவள் பிரித்து அனுப்பிய முதல் லோடில் பாதி திரும்பி வந்தது.

"என்னக்கா, எலும்புக்கூட்டை எல்லாம் ஏத்தி விட்டிருக்க?" லாரி டிரைவர் இறங்கும்போதே கத்தினார். "வாங்குறவன் என்னைப் பிடிச்சுக் கிழிக்கிறான். இதுக்கு என்னையே எடை போட்டு எடுத்துக்கய்யான்னு சொல்லிட்டு வந்தேன்."

"உன்னைத் தின்னா ஜீரணமாகாதுப்பா."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. திரும்பி வந்ததில் ஒன்றைத் தடுப்புக்குள் நிறுத்தச் சொன்னார். "தொட்டுச் சொல்லுக்கா. சரியா வரலேன்னா வேற ஆளைப் போடச் சொல்லிட்டாரு முதலாளி."

விரலை அழுத்தினாள். மெத்தென்று இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். பின்கொட்டிலிலிருந்து ஒரு நோஞ்சானை இழுத்து வந்தார்கள். அதன் முதுகிலும் விரல் அமிழ்வது போலிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த தோலும் எலும்புமான ஒரு முதுகையே தடவித் தடவி, கை அதையே அளவாக வைத்துக்கொண்டுவிட்டது. அதோடு பார்த்தால் எல்லாமே கொழுத்ததுதான்.

நோஞ்சானின் விலா கண்ணுக்கே தெரிந்தது. தேறாது என்று சொல்லிவிட்டால் வேலை தப்பும்.

"எனக்கு எல்லாமே தேறினதாத்தான் படுது, தம்பி."

சூப்பர்வைசர் தடுப்பைத் திறந்து நோஞ்சானை வெளியே விட்டார். "சரிக்கா. நாளையிலேருந்து தீவனம் போடு."

தீவன வாளிகளை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.