காலைக் கட்டங்கள்

என் மகள் சிரித்தால் இருமுவாள். நாங்கள் முதலில் கவனித்தது அதைத்தான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. அவளுடைய அம்மா பியூலா பள்ளிக்கூடத்தில் நடந்த எதையாவது நடித்துக் காட்டுவாள். ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும். அடங்க ஐந்து நிமிடமாவது ஆகும். "சிரிச்சது போதும், தண்ணியக் குடி" என்போம். எட்டு வயதுக் குழந்தையிடம் சிரிக்காதே என்று ஏறக்குறைய ஓராண்டு சொல்லியிருக்கிறோம்.

மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறோம். பியூலா பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருக்கிறேன். நிருபர்கள் அனுப்புவதைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஏற்றும் வேலை. விபத்துச் செய்தியில் இறந்தவரின் வயது ஒன்று கூடிப்போனாலும் மறுநாள் திருத்தம் போடச் சொல்கிறவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவைப்படுகிறது.

கே.கே. நகரில் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் ஜெனியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ஆஸ்துமா என்றார்.

"வீசிங்தானே டாக்டர்?" என்றாள் பியூலா.

"வீசிங்ங்கிறது சத்தம்மா. ஆஸ்துமாங்கிறது நோய். பேரைச் சொல்லவே பயந்தா எப்படி வைத்தியம் பண்றது?"

இரண்டு இன்ஹேலர்கள் கொடுத்தார். நீல மூடி, மூச்சு இறுகும்போது உடனே தளர்த்துவதற்கு. ஆரஞ்சு மூடி, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை நாள்தோறும் தணித்து வைப்பதற்கு. ஆரஞ்சுதான் முக்கியம், அது காலையும் மாலையும் இரண்டு அழுத்து, பிள்ளை நன்றாக இருந்தாலும் நிறுத்தக்கூடாது என்றார். இரண்டையும் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைத்து நிதானமாக உள்ளிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஓங்கி ஊதினால் மூச்சின் வேகத்தை முள் காட்டும் சிறு கருவி). காலையில் மருந்துக்கு முன் மூன்று முறை ஊதி, மிக அதிகமான எண்ணை ஒரு தாளில் எழுத வேண்டும். தாளில் நாளுக்கு ஒரு கட்டம்.

பியூலா ஏழே காலுக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் மாலை மருந்து அவளுக்கு, காலை மருந்தும் கட்டமும் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். முழு வேலையும் முடிய ஆறு நிமிடம். நான் நேரம் பார்த்திருக்கிறேன்.

பதினான்கு நாள் செய்தேன். பக்கங்களை முடித்து நான் வீடு வந்து படுக்க இரண்டு மணியாகும். பதினைந்தாம் நாள் எழவில்லை. ஜெனி தானே சீருடை போட்டு, அம்மா மூடிவைத்த இட்லியைத் தின்று, வேன் ஹாரன் கேட்டதும் "அப்பா, போயிட்டு வாரேன்" என்றாள். கதவைச் சாத்துவதற்கு மட்டும் எழுந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினாறாம் நாளும் ஆகவில்லை.

இன்ஹேலரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு நண்பன் சொன்னான்: "மாப்ள, அந்தப் பம்பைப் பழக்கி விட்டுறாத. அப்புறம் அது இல்லாமப் பிள்ள மூச்சே விடாது." அது தவறு என்று எனக்குத் தெரியும். அது தவறு என்று ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரையை நானே திருத்தி வெளியிட்டிருக்கிறேன். ஆனாலும் அவன் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஆரஞ்சில் இருப்பது ஸ்டீராய்டு மருந்தாயிற்றே என்ற பயத்தில் விட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. தூக்கம்.

மாலையில் பியூலா கேட்பாள்: "காலைல குடுத்தீங்களா?"

"ம்" என்பேன். அவள் தினமும் கேட்டாள். நான் தினமும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, மருத்துவரிடம் மறுபடி போக வேண்டிய நாள் வந்தது. அன்று பள்ளி விடுமுறை. தாளை எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு கட்டங்களில் எழுபத்தெட்டு காலி. பியூலா குளித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினேன்.

பொய் எண்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் பத்தாயிரம், சேதம் ஐம்பது லட்சம் என்று முழுசு முழுசாக வருவதைப் பார்த்துப் பழகியவன். ஆகவே 200 என்று அடுக்கவில்லை. 195, 205, 190, 210 என்று ஏற்றி இறக்கினேன். மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே ஓர் எண்ணை அடித்துத் திருத்தினேன்.

எதிரில் தோசை தின்றுகொண்டிருந்த ஜெனி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அன்னைக்கெல்லாம் நான் ஊதவே இல்லையே?"

"விட்டுப்போனதை எழுதுறேன்டா."

தோசையை மென்றுகொண்டே தாளைப் பார்த்தாள். பிறகு விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள். "இது ஸ்போர்ட்ஸ் டேக்கு மறுநாள். எனக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. கம்மியாப் போடுங்கப்பா."

170 என்று போட்டேன். "தேங்க்ஸ்டா" என்றும் சொன்னேன்.

மருத்துவர் தாளை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே படித்தார். "சார், இம்புட்டு ஒழுங்கா எழுதுற அப்பாவை நான் பார்த்ததில்ல. இதை போட்டோ எடுத்துக்கட்டுமா? மத்த பேரன்ட்ஸ்ட்ட காட்டணும்." எடுத்துக்கொண்டார். பிறகு ஜெனியிடம் திரும்பி, "அப்பா தினமும் குடுக்குறாரா பாப்பா?" என்று கேட்டார்.

ஜெனி என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தில் தேடினாள். "குடுக்குறாங்க" என்றாள்.

நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது, மருந்தைக் குறைக்கலாம் என்றார் மருத்துவர். இரண்டு அழுத்து ஒன்றாயிற்று. பியூலா வண்டியில் வரும்போது என் தோளைத் தட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அன்று புதிதாக ஓர் ஆரஞ்சு இன்ஹேலர் வாங்கினோம். அதற்குப் பிறகும் காலையில் நான் எழவில்லை.

நாற்பது நாள் கழித்து, ஜனவரி மாதம். ஜெனிக்கு இரண்டு நாளாகத் தடுமன். எங்கள் தெரு முனைக்கு அப்பால் வயலில் அறுப்பு இயந்திரம் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்றாலும் பியூலாவுக்குச் சிறப்பு வகுப்பு. ஒன்பது மணிக்கு நான் கண் விழித்தபோது ஜெனி என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகு வளைந்து, இரண்டு கைகளும் முழங்காலில் ஊன்றியிருந்தன. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்தெலும்புக்கு மேலே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது.

"ஏன்டா என்னை எழுப்பல?"

"அப்பா... தூங்கு... னீங்க."

எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை.

நீல இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி, எழுதிக் கொடுத்திருந்தபடி அழுத்தினேன். மூச்சு அதற்குப் பெரிதாக அடங்கவில்லை. தெருமுனை ஆட்டோக்காரர் செல்வத்துக்குப் போன் செய்தேன். ஆட்டோவில் ஜெனியை மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தபோது அவர் அதட்டினார்: "படுக்க வைக்காதீங்கண்ணே! நிமித்திப் பிடிங்க. எங்க அக்கா மகளுக்கும் இதான்." காளவாசல் சிக்னலில் வண்டிகள் நின்றன. அவர் தலையை வெளியே நீட்டி, "ஏ தள்ளுப்பா! பச்சப்பிள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கு, ஹாரன் அடிச்சாக் கேக்காதா?" என்று கத்தினார். வழி கிடைத்தது. ஜெனி இருமவில்லை, அழவுமில்லை. இரண்டுக்கும் காற்று வேண்டும்.

மருத்துவமனையில், ஆக்ஸிஜன் அளவு எண்பத்தெட்டுதான் என்று நர்ஸ் சொன்னார். நெபுலைசர் (மருந்தை ஆவி போலாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் கருவி) வைத்தார்கள். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். பியூலா சுடிதாரில் சாக்பீஸ் தூளோடு ஓடிவந்தாள். மதியத்துக்குள் மூச்சு ஓரளவு தணிந்தது.

நான்கு மணிக்கு மருத்துவர் எங்களை வராந்தாவுக்கு அழைத்தார். அவருடைய கையில் போன் இருந்தது. திரையில் என் தாள்.

"இதுதான் எனக்குப் புரியல சார். மருந்து இம்புட்டு ஒழுங்காப் போயும் இப்படி அட்டாக் வருதுன்னா, இது சாதாரண ஆஸ்துமா இல்லையோன்னு பார்க்கணும். கூடுதலா ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கு சிடி ஸ்கேன். அதுலயும் தெரியலைன்னா, மயக்க மருந்து குடுத்து மூச்சுக்குழாய்க்குள்ள சின்ன கேமரா விட்டுப் பார்க்கணும்." பிறகு, "வீட்ல இருக்க ஆரஞ்சு இன்ஹேலரைக் கொண்டு வாங்க. சரியா வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

நான் மறந்துபோன ஒரு சாட்சி வீட்டிலிருந்த அந்த இன்ஹேலரின் முதுகில் இருந்தது. ஒவ்வொரு அழுத்துக்கும் ஒன்று குறையும் சிறிய எண். நூற்றிருபதில் தொடங்கியது. நாற்பது நாளில் நாற்பதுக்கு வந்திருக்க வேண்டும். எழுபத்து நான்கில் நின்றது. மாலை அழுத்துகள் நாற்பது. எப்போதோ நான் விழித்த காலைகள் ஆறு.

அடுப்படித் தொட்டிக்கு முன் நின்று அதைக் குலுக்கிக் காற்றில் அழுத்தினேன். எழுபத்து மூன்று. குலுக்கி அழுத்தினேன். எழுபத்திரண்டு. இன்னும் முப்பத்திரண்டு அழுத்தினால் தாளும் கருவியும் ஒத்துப்போகும். எந்தத் தகவலையும் இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்று புது நிருபர்களுக்குச் சொல்கிறவன், இரண்டு இடத்தையும் நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

அறுபத்து மூன்றில் நின்றேன். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். தொண்டையில் மருந்தின் கசப்பு இறங்கியது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் வெண்மையாக ஒரு மங்கல் தெரிந்தது. அது நான் விட்ட காலைகள். அவளுடைய நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது அடுப்படியில் மிதந்துகொண்டிருந்தது. நாளை ஸ்கேன், அதிலும் தெரியாவிட்டால் ஒரு மேசையில் அவளை மயங்கவைத்துப் படுக்க வைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்து வராந்தாவில் இருவரிடமும் சொன்னேன். எழுபத்தெட்டு கட்டம், மூன்று பேனா, முப்பத்து நான்கு காலை, பதினொரு அழுத்து. எண்களாகச் சொன்னால் குரல் நடுங்காது என்று நினைத்தேன். நடுங்கியது.

மருத்துவர் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து என் கண்ணெதிரிலேயே அழித்தார். "இதை எத்தனை பேர்ட்ட காட்டியிருக்கேன் தெரியுமா சார்? மருந்து விட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம் திட்டியிருப்பேன். மருந்தைக் குறைச்சிருக்க மாட்டேன்." ஸ்கேனை ரத்து செய்யச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பியூலா கத்தவில்லை. "என் கிளாஸ்ல பிள்ளைங்க பார்த்து எழுதுனா எழுப்பி நிக்க வைக்கிறேன்" என்றாள். பிறகு, "நான் தினமும் கேட்டேன்லங்க?" என்றாள். அதற்குப் பிறகு அன்று என்னோடு பேசவில்லை.

ஜெனியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. "டாக்டர்ட்ட நீ சொன்னது தப்பு இல்ல, அப்பா பண்ணதுதான் தப்பு" என்றேன். அவள் முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்: "ஸ்போர்ட்ஸ் டே நம்பர் நான்தானே சொன்னேன்? அதையும் சொல்லிட்டீங்களா?"

இதே நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து விட்டுப்போகும். எல்லா வீட்டிலும் விட்டுப்போகிறது. கட்டத்தைக் காலியாகவே கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவர் காலிக் கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்.

ஓராண்டாகிறது. மருந்து மறுபடி காலையும் மாலையும் இரண்டு அழுத்து. ஸ்கேன் தேவைப்படவே இல்லை. ஜெனி இப்போது சிரித்தால் சிரிப்பாகவே முடிகிறது. பியூலா மறுபடி நடித்துக் காட்டத் தொடங்கியிருக்கிறாள்.

நான் ஆறே முக்காலுக்கு எழுகிறேன். அலாரம் வேண்டியதில்லை. அடுத்த அறையில் அவள் மூச்சு எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டேதான் விழிக்கிறேன். மருந்தை இழுத்ததும் அவள் மூச்சைப் பிடித்து நிறுத்துவாள். நான் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவேன். பல ஆண்டுகளாக நேரத்தோடு ஓடிப் பக்கம் முடிக்கிறவன் நான். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. எண்ணும்போது என் மூச்சும் நிற்கிறது.

கட்டத்தை அவளே நிரப்புகிறாள். பேனாவை என்னிடம் தருவதில்லை. நான் எழாத இரண்டு நாள் அதில் காலியாகவே இருக்கின்றன. நேற்றுக் குளிர். மூன்று முறை ஊதியும் முள் 165ஐத் தாண்டவில்லை.

"165ப்பா. அப்படியே எழுதவா?"

"அப்படியே எழுது."

குனிந்து எழுதுவதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் பார்க்கிறாள்.