கெஸ்ட் ஹவுஸ் நந்தியாவட்டை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். சும்மா கிடைத்த வேலை அல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக எங்கள் நிலத்தையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு கொடுத்த வேலை. முதல் நாளே சூப்பர்வைசர் என்னிடம் செடி கேட்டார்.

"கெஸ்ட் ஹவுஸைச் சுத்திச் செடிவேலியா ஹெட்ஜ் போடணும். ஆடு கடிக்காத செடியா சொல்லுய்யா."

"நந்தியாவட்டை இருக்குங்க சார். எங்க வூட்டு வாசல்லயே நிக்குது."

என் மனைவி செல்வி ஆண்டிமடத்தில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த அடுக்கு நந்தியாவட்டை அது. அங்கிருந்த தாய்ச்செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது. இதில் பறித்துத்தான் தினமும் பிள்ளையாருக்கு வைப்பாள். வீட்டை இடிக்கத்தான் போகிறார்கள், செடியாவது பிழைக்கட்டும் என்று மொத்தத்தையும் நடுவதற்கேற்ற குச்சிகளாக, போத்து போத்தாக வெட்டினேன்.

"நம்மளுக்கு ரெண்டு குச்சி எடுத்து வைங்க" என்றாள் செல்வி.

"வாடகை வூடு பூரா சிமெண்ட் தரை. எங்க நடுவ? கம்பெனியிலதான நிக்கப்போவுது, எப்ப வேணாலும் ஒடிச்சிட்டு வரேன்."

பால் வடியணும்

நந்தியாவட்டையை வெட்டியதும் நடக் கூடாது. பால் வடிந்து காய்ந்த பிறகு நட வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். அப்படி நட்டதில் ஒன்றுகூடப் பழுதில்லை. அதிலிருந்தே ஆபீஸுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் போத்து போனது. ஆனால் பூக்கத்தான் விடவில்லை. "மட்டமா வெட்டுய்யா, பெட்டி மாதிரி இருக்கணும்" என்பார் சூப்பர்வைசர். மொட்டோடு சேர்த்து வெட்டுவேன்.

கேட்டில்

பல வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ரிடையர் ஆகும் சமயத்தில்தான் வரதராஜன்பேட்டையில் சொந்தமாக வீடு கட்டினோம். ரிடையர் ஆன அன்று, சால்வை போர்த்தி முடிந்ததும், இரண்டு போத்து வெட்டிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார்.

"பெரியவரே, பாஸ் இருக்கா? கம்பெனி பொருள வெளிய எடுத்துட்டுப் போவக் கூடாது."

"இது எங்க வூட்டுச் செடிப்பா."

அவர் போன் போட்டார். எனக்குச் சால்வை போர்த்திய அதே அதிகாரிதான் எடுத்தார். "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாராம். போத்து இரண்டும் குப்பைத்தொட்டிக்குப் போயின.

நர்சரியில் நந்தியாவட்டை கிடைக்கும்தான். அது செல்வியின் செடி ஆகாது. நடந்ததைச் சொன்னதும் அவள் கேட்டாள்:

"நம்ம வூட்ட இடிச்சு அள்ளிட்டுப் போனப்ப, அவங்க யாருகிட்ட பாஸ் வாங்குனாங்க?"

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் முதல் போத்தை உங்கள் வாசலில் நட்டுவிட்டுக் கொடுங்கள்.