பேய்ப் பாட்டில் வந்த உடுக்கை

போன வாரம் அரியலூரில் ஒரு ரிசப்ஷன். சவுண்ட் சர்வீஸ் நான்தான். சாயந்திரம் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணே நேரில் வந்து நின்றது. ஒரு கையில் மருதாணி, இன்னொரு கையில் போன்.

மேடை ஏறும்போது இந்தப் பாட்டுதான் வேண்டும் என்றது. போட்டுக் காட்டியது. எனக்குத் தெரிந்த பாட்டுதான் – பேய்ப் படப் பாட்டு.

"இது செத்தவன நெனச்சுப் பாடுற பாட்டும்மா" என்றேன்.

"தெரியும்ணே. அதான் இவ்ளோ ஃபீலிங்கா இருக்கு."

போட்டேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறினார். அவரிடம் யாரும் சொல்லவில்லை போல.

இந்தப் படங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பதினாறு வயதில் ஒன்று இருந்தால் தெரிந்தே ஆகவேண்டும். பள்ளிக்கூடம் போகிற பெண். வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வருவான். வெளுத்திருப்பான். சாப்பிட மாட்டான். வெயிலில் நிற்க மாட்டான். பாதிப் படத்தில்தான் தெரியும்... அவன் செத்து நூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் பிளஸ் டூ படிக்கிறான்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதற்கே வீட்டில் என்ன பேச்சு பேசினார்கள். இவன் நூறு வருஷமாகப் பாஸாகவில்லை. இவனைப் போய் ஊரில் உள்ள பெண் பிள்ளைகள் எல்லாம் விரும்புகிறார்கள். எப்படி?

பாட்டுதான். வேறு ஒன்றுமில்லை.

தொழில்காரன் சொல்கிறேன். டிவியில் அந்தப் படம் ஓடும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ரத்தசோகை பிடித்த பையன் ஒருவன் மரத்தடியில் நின்று ஒரு பெண்ணை முறைக்கிறான். அவ்வளவுதான். நம் ஊரில் நின்றால் நாலு பேர் விசாரிப்பார்கள். இப்போது சத்தத்தை வையுங்கள். கிடார் வரும். ஒரு பெண் குரல் மெதுவாக இழுக்கும். உடனே அது காதல்.

எங்கள் வயதில் பேய் வந்தால் கதவு கிறீச்சிடும், நாய் ஊளையிடும். பயந்தோம். அதே பேய்தான் இதுவும். பயப்பட வேண்டுமா, காதலிக்க வேண்டுமா என்பதைப் பாட்டுதான் சொல்கிறது. படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். பாட்டு மட்டும் தனியாகக் கிளம்பி பஸ், ஆட்டோ, காலேஜ், கல்யாண மண்டபம் என்று சுற்றுகிறது.

ரிசப்ஷனில் அந்தப் பாட்டு முடிந்ததும் எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. நடந்து ரெண்டு வருஷம் தாண்டிவிட்டது. பெயரை மாற்றிவிட்டு எழுதுகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. ஆண்டு விழா. சவுண்ட் நான். மதியத்துக்கு மேல் டான்ஸ் போட்டி. மூன்றாம் வருஷம் மேத்ஸ் படிக்கிற ஏழு பெண்கள் ஒரு பேய்க் காதல் பாட்டுக்கு ஆடுகிறார்கள். அதில் பேயாக வருகிறவள் சுகன்யா. குன்னம் பக்கத்துக் கிராமம். முகத்தில் அரை டப்பா பவுடர், கண்ணைச் சுற்றி மை, வாயோரம் சிவப்புச் சாயம். அப்பாவின் வெள்ளைச் சட்டை.

ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என் மேஜைக்கு வந்தாள். கூட ஒரு தோழி.

அந்தப் பாட்டில் பேய் யார் என்று தெரிகிற இடத்தில் கிடார் நின்றுவிடும். உடுக்கை வரும். உடுக்கை மட்டும். முக்கால் நிமிஷம் இருக்கும். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டாள்.

நல்ல இடமே அதுதான். ஏன் என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

"இவ பேய்ண்ணே. இவங்கம்மாவுக்குச் சாமி வரும். ரெண்டு பேரும் ஒரே வூட்டுல எப்படித்தான் இருக்காங்களோ."

சுகன்யா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். உடுக்கைச் சத்தம் கேட்டால் அருள் வந்துவிடும். பாட்டைத் தேர்ந்தெடுத்தபோது அம்மா வருவதாக இல்லை. இப்போது அம்மா, அப்பா இரண்டு பேருமே வந்திருக்கிறார்கள். இவள்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறாள். காரணம் இருந்தது. திருச்சியில் எம்.எஸ்சி. சேர அப்ளிகேஷன் தயார். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பெண் பிள்ளையை ஹாஸ்டலில் விட மாட்டாராம். படித்தது போதும், ஆவணியில் கல்யாணம் என்கிறார். அம்மா அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. டான்ஸ் முடிந்ததும் மேத்ஸ் மேடம் அப்பாவிடம் பேசுவதாக ஏற்பாடு.

"இன்னிக்கு விட்டா அப்பா காலேஜ் பக்கமே வர மாட்டாருண்ணே. அம்மா இங்க ஆடிட்டாங்கன்னா, மானம் போச்சுன்னு அப்பவே கூட்டிட்டுப் போயிடுவாரு."

"சரி" என்றேன். லேப்டாப்பில் அந்த இடத்தைக் குறித்துவைத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. கிடார். பெண் குரல். பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். உடுக்கை வருகிற இடத்தில் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன். முன் வரிசையில் இருந்த டான்ஸ் மேடம் திரும்பி, ஏற்று ஏற்று என்று கட்டை விரலைக் காட்டினார்.

இருபது வருஷத் தொழில். கட்டை விரலைப் பார்த்தால் கை தானாக ஏற்றிவிடும். ஏற்றிவிட்டது. என் தப்புதான்.

நாலு பெரிய பாக்ஸ். கூரைத் தகரம் அதிர்ந்தது.

எட்டாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். கொண்டை அவிழ்ந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பிள்ளைகள் கத்தினார்கள், அப்புறம் போனை எடுத்தார்கள். நிகழ்ச்சி தொகுத்த பெண் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஓடினாள். கார்ட்லெஸ் மைக் அவள் கையிலேயே இருந்தது. அணைக்க மறந்துவிட்டாள். மிக்சரில் நான் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு ஆள் வேகமாக என் மேஜைக்கு வந்தார். கதிர் ஒடிக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவர் போல, சட்டைக் காலரில் சோளத் தாளின் சுணை ஒட்டியிருந்தது. அப்பா.

"பாட்ட நிறுத்துப்பா. வூட்டுக்குக் கெளம்பணும்."

அதற்குள் சுகன்யா மேடையிலிருந்து குதித்துவிட்டாள். அம்மாவைப் பிடிக்கத்தான் ஓடினாள். ஆனால் தான் போட்டிருக்கிற வேஷத்தை மறந்துவிட்டாள். சாமி வந்து நிற்கிறது. எதிரே வெள்ளை முகத்தோடு, வாயில் ரத்தத்தோடு ஒரு பேய் ஓடி வருகிறது. சாமி என்ன செய்யும்?

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது.

"யார்ரா நீ? எம் புள்ளைய எதுக்குடா புடிச்ச?"

பாக்ஸில் கணீரென்று வந்தது. கூட்டம் முழுக்கச் சிரிப்பு. மேடையில் ஆறு பேர் கையைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார்கள். மேத்ஸ் மேடம் தலையில் கை வைத்துவிட்டார்.

சுகன்யாவின் முகத்தைப் பார்த்தேன். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. முடி அம்மா கையில் இருக்க, என் பக்கம் ஒரு விரலைச் சுற்றிக் காட்டினாள். காலையில் ரிகர்சலில் 'மறுபடி போடுங்க' என்பதற்கு அந்தப் பிள்ளைகள் காட்டிய சைகை அது.

உடுக்கை முடியப் போகிறது. அப்பா என் கையையே பார்க்கிறார்.

"உடுக்கைய பாதியில நிறுத்தக் கூடாதுங்க" என்றேன். "சாமி கோவிச்சுக்கும்."

அன்றைக்கு நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். அவர் யோசித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நான் திருப்பிப் போட்டேன்.

"படிக்க வந்தேன்" என்றது பேய்.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"அதான் படிச்சு முடிச்சிட்டியேடா. எறங்கிப் போ."

"முடிக்கல. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. முடிக்காம இந்த ஒடம்ப விட மாட்டேன்."

"எங்கடா படிப்பு?"

"திருச்சியில. ஹாஸ்டல்ல."

அந்த அம்மா ஆடிக்கொண்டே இருந்தார். உடுக்கை முடியும்போதெல்லாம் திருப்பிப் போட்டேன். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ரெண்டு அம்மாக்கள் கை கூப்பிவிட்டார்கள்.

"ரெண்டு வருசம்" என்றது சாமி. "அதுக்கு மேல ஒரு நாள் இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டேன். கல்யாணம் கிளியாணம்னு நடுவுல யாரும் கூப்பிடக் கூடாது. அப்பா கையெழுத்துப் போடணும்."

பேய் 'அப்பா' என்று சொல்லலாமா? அதையெல்லாம் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

சாமி திரும்பியது. கூட்டம் வழிவிட்டது. சாமி நேராக என் மேஜைப் பக்கம் பார்த்தது. என்னை இல்லை, என் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கிற ஆளை.

"போடுறா கையெழுத்த."

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த அம்மா அவரை ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசியிருக்க மாட்டார். அப்பா ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"சரி ஆத்தா. போட்டுடறேன்."

மேத்ஸ் மேடம் கெட்டிக்காரர். வரவேற்புத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அந்த அம்மா நெற்றியில் வைத்தார். ஒரு கொட்டாவி. சாமி மலையேறியது. நான் உடுக்கையை விட்டுவிட்டு மீதிப் பாட்டை ஓடவிட்டேன். பிள்ளைகள் ஆடி முடித்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. பேய் இல்லாத பேய்ப் பாட்டுக்கு யார் பரிசு தருவார்கள்?

அப்ளிகேஷனை மேடம் கையோடு கொண்டுவந்துவிட்டார். எழுத இடமில்லை. என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். இனிஷியலோடு. சூடாக இருக்கிறது என்று கையை உதறிக்கொண்டார்.

அந்த அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்கள். வாக்குக் கொடுத்தது, கையெழுத்துக் கேட்டது, எல்லாம். 'அப்படியா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே' என்று எல்லோரிடமும் ஆச்சரியப்பட்டார். வீட்டுக்காரரை அப்படிப் பேசினாரா என்று வாயில் கை வைத்துக்கொண்டார். சுகன்யா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பவுடர் கலைந்து முகம் திட்டுத் திட்டாக இருந்தது. அழுதிருக்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தார். கையில் எலுமிச்சை ஜூஸ் டம்ளர். அக்கம் பக்கம் பார்த்தார். அப்பா வண்டி எடுக்கப் போயிருந்தார்.

"தம்பி, பாட்டு போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அந்த உடுக்கை எடத்த நாலு தடவ போட்டீங்க. மூணோட நிறுத்தியிருக்கலாம். முட்டி வுட்டுப்போச்சு."

டம்ளரை என் பாக்ஸ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு தடவை போட்டேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.