இரண்டு பேராகப் போகிறவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதிகளாக வந்து பார்க்டேல் பகுதியில் இருந்தோம். கிழமை நாட்களில் எனக்கு அடுத்த நகரமான பிறம்ரனில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு பழைய வான் வண்டி ஓடினேன். வீடு மாறுகிறவர்களும் விமான நிலையம் போகிறவர்களும் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத ஆள் என்பதால் சிலருக்கு என்னைப் பிடிக்கும். சிலருக்கு அதனாலேயே பிடிக்காது.

அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பிடித்திருந்தது. இருவருக்கும் எழுபது வயது இருக்கும். பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டுத் தங்கள் சபைக்கு ஊழியம் செய்ய மேற்கிலிருந்து வந்திருந்தார்கள். பிரசங்கம் செய்வது இளம் பிள்ளைகளின் வேலை. ஊழியக்காலம் முடிந்து வீடு திரும்புகிற அந்தப் பிள்ளைகளை ஒழுங்காக அனுப்பி வைப்பது இவர்களின் வேலை. அதற்குத்தான் என் வான் தேவைப்பட்டது.

அந்தப் பிள்ளைகளை எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சில் பெயர் அட்டை குத்திக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவார்கள். எப்போதும் இரண்டு பேர்தான். ஒருவர் தனியே எங்கும் போகக்கூடாது என்பது அவர்களின் சட்டம்.

"கலியாணம் கட்டினதுகளே உப்பிடி ஒட்டிக்கொண்டு திரியாதுகள்" என்பாள் என் மனைவி. நாங்கள் சைவக்காரர், மதம் மாறப்போவதில்லை என்று தெரிந்தும் அவர்கள் வந்தார்கள். அவர்களின் சபையில் விலக்கு என்று தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். மனைவி பால் சுட வைத்துக் கொடுப்பாள். அதைக் குடித்துக்கொண்டு எங்களிடம் தமிழ் பழகினார்கள். அவர்களிடமிருந்துதான் என்னை 'அண்ணை' என்று கூப்பிட வேண்டும் என்று கிழவர் அறிந்துகொண்டார். எழுபது வயதுக்காரர் நாற்பத்தைந்து வயதுக்காரனை அண்ணை என்றார். திருத்துவதற்கு எனக்குக் கூச்சம்.

அனுப்புகிற நாளில் அவர்களின் வீட்டுக்கு நேரத்தோடு போய்விடுவேன். கிழவி பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருப்பார். கிழவர் வாசலில் குந்தியிருந்து அவர்களின் சப்பாத்துகளை மினுக்குவார். குளிரிலும், பனி கரைய றோட்டில் போடுகிற உப்புத் தண்ணீரிலும் நடந்து வெடித்துப்போன சப்பாத்துகள். பிறகு நிறை பார்க்கக் குளியலறைத் தராசில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார். பெட்டியை வைத்துவிட்டுத் தான் மட்டும் ஏறுவார். "பெட்டி பரவாயில்லை, நான்தான் கூடிவிட்டேன். இவளுடைய சமையல்" என்பார்.

பிள்ளைகள் விமான நிலையத்துக்குள் போனதும் வேலை முடிந்தது என்றுதான் முதல் தடவை நினைத்தேன். கார் நிறுத்துகிற கட்டடத்தின் மேல்தட்டுக்கு விடச் சொன்னார்கள். கிழவி ஒரு வெள்ளை மேசை விரிப்பை எடுத்தார். ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, எழும்புகிற விமானங்களைப் பார்த்து அதை அசைத்தார்கள்.

"பிள்ளைகள் எந்தப் பிளேனில்?" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இங்கிருந்து தெரியாது. அதுதான் எல்லாவற்றுக்கும் காட்டுகிறோம்" என்றார் கிழவி.

நான் நாட்டை விட்டு வந்தபோது எனக்கு ஒருவரும் கை காட்டவில்லை. காட்டியிருந்தால் பிடிபட்டிருப்பேன். யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகக் கொட்டும் பனியில் இரண்டு வயதானவர்கள் மேசை விரிப்பை ஆட்டிக்கொண்டு நிற்பதை வானுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழியில் அனுப்புவதற்கு ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தாள். எங்கள் கட்டடத்துக்கு வந்து போனவள். நல்ல தமிழ் பழகியவள். சில மாதங்களாக அவளுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய காலம் பாதிதான் முடிந்திருந்தது.

அன்றைக்கும் எல்லாம் வழமைபோல நடந்தது. அதே சாப்பாடு, அதே தராசு. அவளுடைய சப்பாத்தைக் கிழவர் இன்னும் கூட நேரம் மினுக்கினார் போலிருந்தது. அவளுடைய இரண்டு பெட்டிகளோடு நீல நூல் கட்டிய ஒரு சின்னப் பழைய பையையும் ஏற்றினேன். அவளுடையதுதான் என்று நினைத்தேன்.

அவள் முன்னுக்கு, எனக்குப் பக்கத்தில் ஏறினாள். பின்னால் இருவரும் இருந்தார்கள். வான் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள். வீடு போய்ச் சேரும்வரை அதைக் கழற்றக்கூடாது என்று முன்பு போன பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணை, கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ" என்றாள், தமிழில்.

"ஓம் பிள்ளை."

"பாதியில திரும்பி வாறாக்களை எங்கட ஊரில ஒரு மாதிரித்தான் பாப்பினம். என்ர அண்ணா ஊழியம் முடிச்சு வரேக்க முழுச் சனமும் எயார்போட்டில நிண்டது. எனக்கு அப்பா வருவாரோ எண்டே தெரியாது. அம்மாதான் போன் கதைக்கிறா. அவர் எடுக்கிறார் இல்லை."

பின்னால் இருப்பவர்களுக்கு விளங்கக்கூடாது என்றுதான் தமிழில் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

வானை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோய் விமான நிலையத் தராசில் வைத்தேன். அந்தச் சின்னப் பையையும் வைக்கச் சொன்னார் கிழவி.

"அது யாருடையது?" என்றாள் பெண்.

"என்னுடையது." கிழவி கைப்பையிலிருந்து இரண்டாவது விமான ரிக்கற்றை எடுத்தார். "நீ தனியே போகமுடியாது. உனக்குத் தெரியாத சட்டமா?"

அவள் ரிக்கற்றை வாங்கிப் பார்த்தாள். "நீங்கள் சொல்லவே இல்லையே."

"சொன்னால் வேண்டாம் என்பாய்."

"நான் முடித்துவிட்டுப் போகிறவள் இல்லை" என்று அழத் தொடங்கினாள்.

"போகிறவர்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்புகிறோம். பாதி, முழுசு என்று பிரித்து ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை" என்றார் கிழவி. பிறகு தன் நெஞ்சிலிருந்த அட்டையைத் தொட்டுக்கொண்டு அவளுடைய கோட்டுப் பையைப் பார்த்தார். "அந்த அட்டையைக் குத்திக்கொள். இல்லாவிட்டால் நான் தனியாகப் போகிற மாதிரி இருக்கும்."

கிழவரும் கிழவியும் தமிழ் தெரியாதவர்கள். ஆனால் எல்லாம் தெரிந்துதான் பின் இருக்கையில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அட்டையைக் குத்திக்கொண்டாள். அது கொஞ்சம் சரிந்திருந்தது. கிழவி அதை நேராக்கினார்.

"அப்படியென்றால் நீங்கள்? உங்களுக்குத் துணை?" என்று கிழவரைக் கேட்டாள்.

"எனக்கு அண்ணை இருக்கிறார்" என்றார் அவர்.

யாரைச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

மேல்தட்டில் காற்று முகத்தை அறுத்தது. கிழவர் மேசை விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற நுனியை என்னிடம் நீட்டினார். அதுவரை எத்தனையோ தடவை வந்தும் நான் வானை விட்டு இறங்கியதே இல்லை. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பிடித்தேன். எழும்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் அசைத்தோம். மனைவியைப் பிரிந்து அவர் இருந்ததே இல்லையாம். அதைச் சொன்னபோதும் கண் வானத்தில்தான்.

பிறகு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி பழக்கத்தில் தேத்தண்ணியை நீட்டி, "ஐயோ, மறந்திட்டன்" என்று இழுத்துக்கொண்டு போய்ப் பால் கொண்டுவந்தாள். "மனுசியை அனுப்பிப்போட்டு மனுசன் முழிக்கிற முழியைப் பாருங்கோ" என்று குசினிக்குள் என்னிடம் சிரித்தாள். ஆனால் அவருக்கு இடியப்பத்தை இரண்டு தடவை வைத்தாள்.

பொழுது படுகிற நேரம் தொலைபேசி அடித்தது. கிழவிதான். கிழவர் எழுந்து நின்று கேட்டார். எங்களுக்காக ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். தகப்பன் வந்திருக்கிறார். எல்லாருக்கும் முன்னால் நின்றிருக்கிறார். மகளின் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேச முடியாமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாராம், இன்னும் விடவில்லையாம்.

"பின்ன, பெத்த தகப்பனெல்லோ" என்றாள் என் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னொன்றும் சொல்கிறாள்" என்று கிழவர் என் பக்கம் திரும்பினார். "எழும்பும்போது கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்ததாம். நாங்கள்தானோ, வெறும் பனிதானோ தெரியாதாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருமாகக் கை காட்டினார்களாம்."