அழுவதற்கு எழுத்து இல்லாத கதாநாயகி

எழுதியதைத் திருத்த எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று இன்று ஒருவர் கேட்டார்.

ராஜபாளையத்தில், ழ உடைந்த ஒரு டைப்ரைட்டரில்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டிகிரி முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார இதழின் போட்டிக்கு என் முதல் கதையை அனுப்ப வேண்டும். டைப் செய்திருக்க வேண்டும், பேனாவால் திருத்தக் கூடாது என்பது விதி. அன்றுதான் கடைசி நாள்; தபாலில் சேர்க்காவிட்டால் அவ்வளவுதான்.

இன்ஸ்டிட்யூட்டில் இருந்த ஒரே தமிழ் மெஷினில் ழ, ழு, ழி எதைத் தட்டினாலும் வெற்றிடம் விழுந்தது.

சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“ஏட்டி, ள போட்டுக்கோ. நம்ம ஊர்ல எவன் ழ சொல்லுதான்? வாளப்பளம்னுதான வாங்குதோம்.”

(ராஜபாளையம் என்று எழுத ள போதும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதுவும் வேண்டாம்.)

“போட்டிக்குப் போற கதையாச்சேக்கா.”

“அப்ப ழ வராத வார்த்தையாப் போடு.”

சின்ன வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

என் கதாநாயகி ஏழை. (போச்சு.)

அழகி. (போச்சு.)

கணவன் விட்டுவிட்டுப் போனதும் மழையில் நனைந்து, வாழ்க்கையை நினைத்து, விழிநீர் வழிய, இரண்டு பக்கத்துக்கு அழுகிறாள்.

(தமிழில் சோகம் மொத்தத்தையும் ஒரே எழுத்தில் ஏன் வைத்தார்கள்?)

“என்னட்டி, இம்புட்டு நேரமா வெறும் தாளா இருக்கு?”

“அவ அழணும்க்கா. முடியல.”

“சிரிக்கச் சொல்லு. சிரிப்புக்கு ழ கிடையாது.”

சிரிக்க வைத்துப் பார்த்தேன். பைத்தியம் போல இருந்தது. அந்தத் தாளை உருவிவிட்டு, வேறு தாள் மாட்டினேன். அந்த இரண்டு பக்கமும் கடைசியில் ஒரு வரியாக வந்து நின்றது:

‘கணவன் பஸ் ஏறியதும், அவனுக்கு எடுத்து வைத்த சோற்றையும் அவளே சாப்பிட்டு முடித்தாள்.’

எஸ்தர் அக்கா குனிந்து படித்தார்.

“அம்புட்டையுமா தின்னா? பாவம்ட்டி அவ.”

கதை பாதியாகச் சுருங்கி, தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தது. பிரசுரமும் ஆனது.

அந்தத் தைரியத்தில் அடுத்த கதையோடு போனேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

“மதுரைக்கு அனுப்பி ழ மாத்தியாச்சு. இனி உன் இஷ்டத்துக்கு அழ விடு.”

கையிலிருந்த முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரியிலேயே மழை. இரண்டாவது வரியில் ஓர் ஏழைத் தோழி விழுந்து விழுந்து அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த எழுத்தை மட்டும் கழட்டி வைக்க முடியுமா? நான் அடிச்சு முடிச்ச பொறவு மாட்டிக்கிடலாம்.”