போங்ரே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மீன்

தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தில் பியோன் கிதேயைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நெத்திலி வாங்க வந்தவனில்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். வலை இழுக்கும் கூலியாளாக வந்து இரண்டு படகுக்குச் சொந்தக்காரரான மனிதர். எவன் தயவும் இல்லாமல் வந்த வாழ்வு. அதைப் பத்துப் பேர் கேட்கச் சொல்வார். சொல்ல அவருக்கு உரிமையும் உண்டு.

அவர் மனைவி போங்ரேக்கு ரத்தப் புற்றுநோய். மகள் சுக்யோங்கின் ஸ்டெம் செல்லை எடுத்து அம்மாவுக்கு ஏற்றுவது என்று பூசான் ஆஸ்பத்திரியில் முடிவானது. "பாதிதான் பொருந்துது" என்று டாக்டர் தயங்கினார்.

"மத்த பாதி என்னுது டாக்டர். கெட்டிச் சரக்கு. பயப்படாம ஏத்துங்க" என்றார் கிதே.

ஏற்றினார்கள். புது ரத்தம் ஊறத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பிடித்துத் தங்கினார்கள். அங்கே சுக்யோங் வைத்ததுதான் சட்டம். சமைத்த சூட்டோடு அம்மா சாப்பிட வேண்டும், ஆறியது குப்பைக்கு. ஊறவைத்த கோஸான கிம்ச்சியைக்கூட வேகவைத்துத்தான் கொடுத்தாள். உறவுக்காரர்கள் வாசலோடு சரி. அம்மா உடம்பில் கிருமியை எதிர்க்கும் பலம் இன்னும் வரவில்லை.

"படகுல நான் சொன்னா காத்தே நிக்கும். இங்க கரண்டியைக் கழுவினியான்னு என்னைக் கேக்குறா" என்று முணுமுணுத்தபடியே கழுவினார் கிதே.

போங்ரேதான் சாப்பிடவில்லை. கஞ்சி, முட்டை, எதை வாயில் வைத்தாலும், "துருப்பிடிச்ச ஆணியைச் சப்புற மாதிரி இருக்குங்க" என்று தள்ளிவிடுவாள். எலும்பு தெரிந்தது. சாப்பிடாவிட்டால் தேற மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் கிதேயின் தாயாருடைய நினைவு நாள் வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மூத்த மருமகளாகப் போங்ரே கையால்தான் படையல். இந்த முறை தம்பி கிசூ வீட்டில் வைத்தார்கள். மறுநாள் காலை கிசூ துணியில் கட்டிய மூட்டையோடு வாசலில் நின்றான்.

"அண்ணி கைபடாத படையல். அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டிருப்பாங்க. இது அண்ணி பங்குண்ணே" என்று வைத்துவிட்டுப் போனான்.

சுக்யோங் மருந்து வாங்கப் போயிருந்தாள். உள்ளே படுத்திருந்த போங்ரே தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, நல்லெண்ணெய் வாசனை வருது."

"உனக்கு ஆகாது. ராத்திரி முழுக்கப் படையல்ல இருந்தது. உன் மக வந்தா என்னைப் பொளந்துடுவா."

"மூணு வருஷம் உங்கம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். அவங்க சாப்பிட்டு வச்ச மிச்சமா என்னைக் கொன்னுடும்?"

படையலில் தாய் தொட்ட சோறு பிள்ளைகளைக் காக்கும் என்று கேட்டு வளர்ந்தவர் கிதே. மூட்டையைப் பிரித்தார். ஆறிப்போன சங்கரா மீனில் முள்ளெடுத்து ஊட்டினார். அவள் மென்று விழுங்கி மறுபடி வாயைத் திறந்தாள்.

தம்பிக்கு உடனே போன் போட்டார். "உங்கண்ணி சாப்பிட்டாடா. அத்தனை டாக்டரும் தோத்த இடத்துல நான் ஜெயிச்சுட்டேன்."

மறுநாள் மாலை போங்ரேக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"அம்மா என்ன சாப்பிட்டாங்கப்பா? டாக்டர் கேக்குறார்."

கிதே வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நானாத்தான் எடுத்துத் தின்னேன், சித்தப்பா வீட்டுப் படையலை. உங்கப்பா தூங்கிட்டிருந்தார்."

"பொய் சொல்றா. ஊட்டினது நான்" என்றார் கிதே.

சுக்யோங் அவரை ஒரு முறை பார்த்தாள். நேரே டாக்டரிடம் போனாள்.

ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஒரு வாரம் தாங்கவில்லை போங்ரே. அந்தச் சாப்பாடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கிதே அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை.

துக்க மண்டபத்தில் வந்தவர்களை வணங்கி வணங்கி ஓய்ந்தபின் மகள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"திட்டிடும்மா" என்றார் கிதே.

அவள் அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பிறகு, "எவ்வளவு சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

"பாதி மீனு. இன்னும் இருக்கான்னு கேட்டா."

"கேட்டாங்களா" என்றாள் சுக்யோங். அதுவரை அழாதவள், அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.